குறிப்பிடத்தக்க த்ரெல்ஃபால்கள்

பட்டியலைத் தட்டச்சு செய்தவள் நான்.
அதில் நான் இல்லை.
பிறப்பால் கோர்னல். த்ரெல்ஃபால்
மோதிரத்தோடு வந்தது,
மோதிரம் போன பிறகும் போகவில்லை.

அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை
கூஸ்னர் ஊர்ப் பொதுக்கூடத்தில் கூடுவோம்.
'திருமதி த்ரெல்ஃபால், உங்கள் கார் வழியை மறிக்கிறது'
என்று வாசலில் யாராவது கத்தினால்
பதினேழு தலைகள் திரும்பும்.
சொல்லவே சிரமமான பெயர்:
மெய்யில் முட்டி, உயிர் தேடி,
கடைசியில் தொப்பென்று விழும்.

குத்பர்ட், துணை ஆயர். மழை வேண்டி ஒரு ஜெபம் எழுதினார்.
லங்காஷயரில் அதை யாரும் பயன்படுத்தவில்லை.
கில்பர்ட், வணிகர்.
ஹாரியட், பலூனில் பறந்து மாட்டுக்குட்டையில் இறங்கியவர்.
('விழுந்தவர்' என்றுதான் அடித்திருந்தேன்.
செயலாளர் திருத்தினார்.)
ஜேபஸ், மலைச்சரிவில் புதுப் பாசி கண்டு
தன் பெயரையே அதற்கு வைத்தார்.
ஸ்வீடன்காரர் ஒருவர் முப்பது வருடம் முன்பே
அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார்.
செப்டிமஸ், கால்பந்து. ஆட்டம் ஒன்று, கோல் ஒன்று,
அதுவும் சொந்த வலையில்.

போன வருடம் யூலலி த்ரெல்ஃபால் வந்தார்.
பிரெஸ்டன் மருத்துவமனையில் முப்பத்தோராண்டு
பிரசவம் பார்த்தவர்.
பச்சைத் தொப்பி. சொட்டும் குடை.
பெயரட்டை ஒட்டும் டெரிக் கேட்டார்:
'யாரோடு வந்திருக்கிறீர்கள்?'
'பெயரோடு.'

சூப் முடிந்து இறைச்சி வருமுன்
கைப்பையிலிருந்து ஒரு நகலை எடுத்து என்னிடம் நீட்டினார்.
ஏன் என்னிடம் என்று இன்னும் தெரியவில்லை.
தட்டச்சு செய்தவள் என்று முகத்தில் எழுதியிருக்குமோ என்னவோ.

நெவிஸ் தீவு. கரும்புத் தோட்டம். 1822.
சாய்ந்த, அழகான கையெழுத்து.
கழுதை ஒன்பது. கொதிகலன் மூன்று.
அதே மையில், அதே பத்தியில்
ஃபிபா, சமையல்.
கேட்டோ, ஒரு கை இல்லை.
குவாஷி, வயது நான்கு, மதிப்பு பதினொரு பவுண்டு.
ஒருவருக்கும் இரண்டாம் பெயர் இல்லை.
அடியில் ஒருவருக்கு மட்டும் இருந்தது:
கில்பர்ட் த்ரெல்ஃபால்.

'விடுதலை வந்தபோது
பதிவேட்டுக்காரன் இன்னொரு பெயர் கேட்டான்.
கைக்கெட்டிய தூரத்தில் அது ஒன்றுதான் கிடந்தது.
குவாஷி எடுத்துக்கொண்டார்.'
உப்பை இப்படித் தள்ளுங்கள் என்பதுபோல் சொன்னார்.
உப்பைத் தள்ளவும் சொன்னார்.

பிறகு லீட்ஸிலிருந்து வந்த பேச்சாளர்,
பெயர்களின் வேரைத் தோண்டுகிறவர்,
மைக்கைத் தட்டினார்.
'ஃபால்' என்றால் மரம் வெட்டித் திறந்த நிலம்.
'த்ரெல்'—
இங்கே இருமினார்,
தண்ணீர் குடித்தார்—
வடகடல் தாண்டி வந்தவர்களின் பழஞ்சொல்.
அடிமை.
அடிமையின் வெட்டவெளி.
நம் எல்லோருக்கும் முன்னால், ஒருவேளை,
கோடரியோடு ஓர் ஆள்.
அவன் பெயர் யாருக்கும் தெரியாது.

கரண்டிகள் நின்றன.
துணை ஆயர் வழிவந்தவர்
தன் டையில் எதையோ தேடினார்.
யூலலிதான் முதலில் சிரித்தார்,
அடித்தொண்டையிலிருந்து, தொப்பி குலுங்க:
'அடப் பாவமே, நீங்களுமா!'

சிலர் சேர்ந்து சிரித்தார்கள்.
சிலர் புட்டிங்குக்காகக் காத்திருந்தார்கள்.

இந்த வருடப் பட்டியல் நேற்று முடிந்தது.
அகரவரிசைப்படி ஜேபஸுக்கும் செப்டிமஸுக்கும் நடுவே
குவாஷி.
குறிப்பிடத்தக்கதாக என்ன செய்தார் என்று
செயலாளர் தொலைபேசியில் கேட்டார்.
'எடுத்துக்கொண்டார்' என்று அடித்தேன்.
நானும் எடுத்துக்கொண்டவள்தானே
என்று ஒரு கணம் தோன்றியது.
சீ, எனக்கு மூன்றடுக்குக் கேக் வெட்டினார்கள்.

கில்பர்ட்டின் 'வணிகர்' இனி ஒரு சொல்லில் அடங்காது.
தாளில் இடம் போதவில்லை.
ஸ்வீடன்காரரை எடுத்துவிட்டேன்.
பாசி ஜேபஸுடையதாகவே இருக்கட்டும்.