அடைப்புக்குறி

பெர்கனில் நாலாவது நாளாக மழை.
அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்தில்
தூருன் எய்க்கலாண்ட்
ஒரு புட்டியைத் திறக்கிறாள்.
நூற்று முப்பது வருடமாய்ச் சாராயத்தில்
முள் உதிர்த்துக் கிடக்கிறது
உள்ளங்கையளவு கடல் முள்ளெலி.
சீட்டில் பழுப்பு மசி:
பேர், அதன் பின்னால்
பேர் வைத்தவர் பேர், மிக்கில்புஸ்த்.

மரபணு முடிவு வெள்ளிக்கிழமை வந்தது.
பேரினம் இது இல்லையாம்.
பழையது பெண்பால், புதியது ஆண்பால்;
சிற்றினப் பேரின் வாலையும்
ஒட்ட நறுக்கி
வேறு வால் வைக்க வேண்டும்.
(தமிழென்றால்
அஃறிணை என்று தப்பித்திருக்கும்.)

வீடு மாறிய உயிருக்கு
முதலில் பேரிட்டவர்
அடைப்புக்குறிக்குள் போக வேண்டும். விதி.
இரண்டு பிறைகளுக்கு நடுவே
மிக்கில்புஸ்த்தை உட்கார வைக்கிறாள்.
துரத்தவில்லை,
குளிருக்குக் கதவைச் சாத்திவிட்டது போலத்தான்.
பழைய சீட்டைக் கிழிப்பதில்லை.
புதியதை அதன்மேல் கட்டுகிறாள்,
நூல் ஈரமாகி இரண்டு முறை நழுவுகிறது.

வெளியே படகுத்துறையில்
ஒரு காகம் எதையோ தூக்கிப்போய்ப்
பாறையில் போடுகிறது.
உடையவில்லை.
காக்கை உருண்டை என்பார்கள் இங்கே,
எல்லா இனத்துக்கும் அந்த ஒரே பேர்.
மறுபடி தூக்குகிறது.

மூன்றாம் முறை,
மழையில் திறந்து கிடக்கின்றன
ஐந்து மஞ்சள் சுளைகள்.