கைனூவில் ஒரு படிவம்

ஏழு ஜோடி வட்டங்கள்.
ஒன்றில் ‘நான்’, மற்றதில் ‘இயற்கை’.
முதல் ஜோடி ஒட்டவே ஒட்டாது,
கடைசி ஜோடி ஒன்றையொன்று விழுங்கியிருக்கும்.
உங்களுடையது எது என்று
அவுனே மொய்லானெனிடம் கேட்டேன்.

பனிவாரி வண்டி ஓட்டுகிறவள். ஜூலையில் வேலையில்லை.
சதுப்போரம் ரப்பர் பூட்ஸோடு உட்கார்ந்து
மூன்றில் பேனாவை வைத்தாள், எடுத்தாள்.
“ஜனவரியில் கேட்டிருந்தால் ஒன்று என்பேன்.
அப்போது அதைத் தள்ளிவிடத்தான் சம்பளம்.”

“இன்றைக்கு?”

படிவத்தின் மேல் ஓங்கி ஓர் அறை.
கொசு.
நாலாவது ஜோடியின் குறுக்கே சிவப்பு,
இன்னும் ஈரமாய்.

“யார் ரத்தம்?” என்றாள்.
என் புறங்கையில் ஒரு தடிப்பு,
அவள் கழுத்தில் இரண்டு.

அலுவலகத்தில் ஸ்கேனர்
அதை விடையென்றே எடுத்துக்கொண்டது:
நான்கு.
நான் திருத்தவில்லை.