திடீர் மறைவு

ஒன்பது நாளாய் அங்கேயே கிடந்தது,
சூரியனின் தென்மேற்குக் கன்னத்தில்
யாரோ நகத்தால் கீறிவிட்டுப் போனதுபோல.
ஆறாம் எண் இழை என்பது பதிவேட்டில்.
வின்ஸென்ஸ் அதை மீசை என்பான்.

கறுப்பு என்கிறோம். கறுப்பே இல்லை அது.
பின்னாலிருந்து வரும் ஒளியை
நமக்கென்று எடுத்துவைக்காமல்
நாலாபக்கமும் வாரி இறைத்துவிடும் ஊதாரி,
அவ்வளவுதான்.
இன்னும் நாலைந்து நாள் பொறுத்தால்
விளிம்புக்கு வந்து தீக்கொழுந்தாய் நிற்கும்.
அப்போது அதற்கு வேறு பேர், வேறு பத்தி.

ஞாயிற்றுக்கிழமை.
கீழே ஓசியாக் ஏரி பனிமூட்டத்துக்குள்.
ஃபில்லாக் நகரம் இரண்டு வாரமாய் வெயில் பார்க்கவில்லை.
மேலே எங்களுக்கு மிச்சம் வைக்காத நீலம்.
சறுக்க வந்தவர்கள் தொலைநோக்கிக் கூண்டைக்
கழிப்பறை என்று தட்டுகிறார்கள்.

பத்து நாற்பத்திரண்டு.
வடகிழக்கில், மீசைக்குச் சம்பந்தமே இல்லாத தூரத்தில்
ஒரு வெடிப்பு. சின்னது. ஒரு வரி எழுதினேன்.
பதினொரு நிமிடம் கழித்து
மீசையைக் காணோம்.

வில்லையைத் துடைத்தேன். பிறகு என் மூக்குக்கண்ணாடியை.
வந்தது.
போனது.

எங்கள் வடிகட்டி ஒரேயொரு சிவப்புக்குத்தான் கதவு திறக்கும்.
இழை நம்மை நோக்கி வந்தால் அதன் நிறம் இம்மி பிசகும்,
விலகினால் மறுபக்கம் இம்மி.
இரண்டுக்கும் கதவு சாத்தல்.
ஆக, அது எங்கும் போகவில்லை.
எங்கிருந்தோ கிளம்பிய அலை வந்து மோதிக்
காந்தக் கொடியில் காயப்போட்ட ஈரப் போர்வையாய்க்
கோடிக் கோடி டன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

(வீட்டை விற்றுவிட்டதாகத் தம்பி யோஸ்கோ
போன் செய்தது ஜனவரியில். சரி என்றேன்.
மார்ச்சில்தான் தட்டை உடைத்தேன்.)

பதினேழு நிமிடத்துக்கு ஓர் ஆட்டம்.
மூன்று. நான்கு.
தணியும், வழக்கமாகத் தணிந்துவிடும் என்றான் வின்ஸென்ஸ்.
ஐந்தாவது நான்காவதைவிடப் பெரிது.
மில்கா, சூப் ஆறுது என்றான்.
ஆறட்டும்.

பன்னிரண்டு இருபதுக்குத்
தெற்கு மலைகளின் பக்கமிருந்து
ஒற்றை மேகம், அவசரமே இல்லாமல்,
மாடு ரோட்டைக் கடப்பதுபோல.

நாற்பத்தொரு நிமிடம்.
ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

விலகியபோது இடம் காலி.
இருபுறமும் பளீரென்று இரண்டு கீற்று,
கனத்த சாமானை இழுத்துப் போன தரையில் விழும் தடம்போல.
போனது போயேவிட்டது.
விநாடிக்கு எழுநூறோ எண்ணூறோ கிலோமீட்டர்,
பூமிப் பக்கம் இல்லை,
எந்தப் பக்கமும் இல்லை,
அங்கே அது பாட்டுக்கு விரிந்துகொண்டு.

பழைய படிவத்தில் இதற்கென்றே ஒரு தலைப்பு:
திடீர் மறைவு.
நேரம்: 12:20க்கும் 13:01க்கும் இடையே.
கண்டவர் என்ற கட்டத்தில்
வின்ஸென்ஸ் என் பேரை எழுதியிருந்தான்.
அடித்துவிட்டு
மேகம் என்று எழுதினேன்.

மேலிடம் இதை ஒத்துக்கொள்ளாது என்றான்,
சூப்பைச் சுடவைக்க எழுந்துகொண்டே.