இடமரை

நிறத்துக்காக வாங்குவதென்றால்
முதல் நாளே முடிந்திருக்கும்.
உக்கடத்தில் சிக்கந்தர் கடை மாடியில்
கூரைக் கம்பியில் தொங்கியது அந்தச் சிவப்பு வீல்.
விளிம்பு நாலு விரல் ஆழம்.
எண்ணிப் பார்த்தேன், இருபதே ஸ்போக்ஸ்.
சுற்றிவிட்டால்
மேம்பாலத்து விளக்கெல்லாம் அதற்குள் ஓடியது.

"ஏழாயிரந்தானுங்க்கா.
பிக்ஸட் கியருக்குன்னே பொறந்த வீலு."

நான் ஆவாரம்பாளையத்தில் பம்ப்செட் கம்பெனி,
தரச் சோதனைப் பிரிவு.
நாளைக்கு நானூறு மரை பார்க்கிற கண்.
மரை அளவி என் கைப்பையில்
சீப்போடு சேர்ந்து கிடக்கும்.

பின்சக்கரத்தின் ஹப்பைத் திருப்பினேன்.
பல்சக்கரம் ஏறுகிற வலமரை இருந்தது.
அதன் தலைமாட்டில், ஒரு படி இளைத்து,
இடமரை இருக்க வேண்டும்.
படியே இல்லை.
ஏதோ ஒரு வளையத்தை முடுக்கி
மேலே பச்சைப் பசை ஊற்றியிருந்தார்கள்.

"லாரி கட்டி இழுத்தாலும் அசையாதுங்க்கா."

இழுத்தால் அசையாது, எனக்கும் தெரியும்.
முன்னால் மிதிக்க மிதிக்க
தானாக இறுகும் அது.
நிறுத்துகிறபோது என்ன செய்யும் என்பதுதான் கேள்வி.
இந்த வண்டியில் நிறுத்துவதென்றால்
சுழல்கிற காலையே எதிர்த்து அழுத்துவது.
அந்த நொடியில் பல்சக்கரத்துக்கு
கழன்றுகொள்ளத் தோன்றும்.
அது கழலப் பார்க்கிற திசையிலேயே
இறுகுகிற வளையம் ஒன்று
வாசலில் நிற்க வேண்டும்.

கார்வேந்தன் வண்டியில் நிற்கவில்லை.
முன் பிரேக்கும் கிடையாது,
மாட்டினால் அழகு கெட்டுவிடுமாம்.
மருதமலை இறக்கத்தில் மூன்றாவது வளைவு.
கால் மட்டும் பின்னால் போனது,
வண்டி போகவில்லை.
காரை எலும்பு இரண்டாக, தோளில் பதினொரு தையல்.
எப்படி ஆச்சு என்று நர்ஸ் கேட்க
"மரை கழண்டுருச்சுங்க" என்றிருக்கிறான்.
"அது பாத்தாலே தெரியுது.
அடி எப்படிப் பட்டுச்சுன்னு சொல்லு."

சிவப்பை இறக்கி வைத்துவிட்டு வந்தேன்.
சும்மா வரவில்லை. படி இறங்கும்போது
இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன்.

மூன்று வாரம் கழித்து
துடியலூரில் கிடைத்தது சாம்பல் நிற ஜோடி.
முப்பத்தாறு ஸ்போக்ஸ், இரட்டைச் சுவர் ரிம்,
பிரேக் கட்டை உரசப் பக்கவாட்டில் தட்டைப் பட்டை.
நெம்புகோல் பூட்டு இல்லாத
பதினைந்தாம் நம்பர் நட்டு.
அச்சின் அகலம் வெர்னியரில் நூற்றிருபது,
என் பிரேம் கேட்டதும் அதேதான்.
ஸ்போக்ஸை ஒவ்வொன்றாய் விரலால் சுண்டினேன்.
எல்லாம் ஒரே குரல்.
வால்வுக்குப் பக்கத்தில் ஒன்று மட்டும்
சளி பிடித்த மாதிரி.
கடைக்கார அக்கா கால் சுற்று முடுக்கினார்.
கடைசியாக மரை அளவியை வைத்தேன்.
இடமரை. பல் பல்லாய்ப் பொருந்தியது.

விலை நாலாயிரத்து எண்ணூறு.
அழகா என்று கேட்டால், தண்ணீர்த் தொட்டி மூடி மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை, ஐந்தரை மணி, சிறுவாணி ரோடு.
ஆனிச் சாரல்.
பாலக்காட்டுக் கணவாய்க் காற்று முகத்துக்கு நேரே.
பேரூர் தாண்டி ஒரு சின்ன இறக்கத்தில்
பழக்க தோஷத்தில் காலுக்கு ஓய்வு கொடுத்தேன்.
பெடல் என் முட்டியைத் தூக்கி
கிட்டத்தட்ட என் கையிலேயே கொடுத்தது.
இறக்கம் என்றால் இளைப்பாறல்
என்கிற இருபது வருட நம்பிக்கை
அங்கேயே விழுந்து கிடக்கிறது,
யாராவது பார்த்தால் எடுத்து வையுங்கள்.

எதிரே ஆட்டுப் பட்டி குறுக்கே வந்தது.
எதிர்த்து அழுத்தினேன், முன் பிரேக்கும் பிடித்தேன்.
கீழே எங்கோ "க்டக்" என்று ஒரே ஒரு சொல்.
அதற்கப்புறம் பிடி.
கடைசி ஆட்டின் வாலுக்கு
ஒரு முழம் முன்னால் நின்றோம்,
நானும் அந்தத் தொட்டி மூடியும்.

மறுபடி கிளம்பி அடுத்த இறக்கம்.
தேங்காய் மூட்டையோடு ஒரு மொபெட்காரர்
பக்கத்தில் வந்து மெதுவாக்கினார்.
"ஏனம்மிணி, எறக்கந்தானே?
செத்த நேரம் மிதிக்காம இருந்தா என்ன?"
"நிறுத்த முடியாதுங்" என்றேன் மூச்சு வாங்க.

அவர் பொட்டோரம் ஒரு விரல் வைத்துத்
திருகிக் காட்டிவிட்டுப் போனார்.
வலப்பக்கமா இடப்பக்கமா,
கவனிக்காமல் விட்டுவிட்டேன்.