விளக்கம் மூன்று வரிக்குள்

கேள்வி 212.
சாதிபத்திரி என்பது சாதிக்காய்க் கனியின் எந்தப் பகுதி?
(அ) வேர் (ஆ) பட்டை
(இ) விதையைச் சுற்றிய செந்நிற உறை (ஈ) பூ

விடை (இ). விளக்கம்:
கனி பிளந்தால் உள்ளே கரும்பழுப்பு விதை,
விதைமேல் சிவப்பு வலை. வலைதான் சாதிபத்திரி.
விதைக்குள் இருக்கும் பருப்பு சாதிக்காய்.

நான்காவதாக ஒரு வரி தானாக வந்தது:
சதையை எறியவேண்டாம், பாலிக் புலாவில்
சர்க்கரையில் ஊறப்போட்டுத் தின்போம்.

பாளையங்கோட்டை அருமைநாயகம் சார்
அதை மட்டும் சிவப்பில் அடித்து அனுப்பினார்.
"பாடத்திட்டத்தில் இல்லை அம்மா."

கேள்விக்குப் பன்னிரண்டு ரூபாய்.
சரியான விடை எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும்.
கூலி, தவறான மூன்றுக்கும்தான்.
தவறு நம்பும்படி இருக்கவேண்டும்.
தருமபுரிப் பக்கம் யாரோ ஒருத்தி,
சாதிப்பூ என்று சொல்லிக் கடையில் வாங்கி வந்தவள்,
பென்சிலைக் கடித்துக்கொண்டு (ஈ)யில் வந்து நிற்பாள்.
அவளுக்கென்றே வைத்தேன் அந்தப் பூவை.

பகலில் பாயான் லெப்பாஸ் ஆலையில் தரப் பரிசோதனை.
இரவில் ஜெலுத்தோங் அடுக்குமாடியில் பொது அறிவு.
லிஃப்டில் என் மாடிக்குப் பதின்மூன்று ஏ என்று பெயர்.
பதினான்கு கிடையாது.
சீனர் காதுக்கு நான்கு, சாவு போல ஒலிக்கும்.
(இதுவும் பாடத்திட்டத்தில் இல்லை.)

219. மயில்.
"இந்தியாவின் தேசியப் பறவை" என்று எழுதினேன்.
"நமது" என்று திருத்தினார்.
மாணவன் படிக்கும்போது சொந்தமாக இருக்கவேண்டுமாம்.
இருக்கட்டும். படிக்கிறவனுக்குச் சொந்தம்தானே.

220. புலி.
இதற்கு நானே "நமது" போட்டேன்.
பொய்யில்லை. என் கடவுச்சீட்டின் அட்டையில்
இரண்டு நிற்கின்றன, பின்னங்காலில்.

226. இந்திய நேரம் கிரீன்விச்சைவிட
எவ்வளவு முன்னால்? ஏன் அரைமணி ஒட்டிக்கொண்டிருக்கிறது?
விளக்கம்:
ஒரு பாகை சுழலப் பூமிக்கு நான்கு நிமிடம்.
மிர்சாபூர் அருகே போகும் கோடு எண்பத்திரண்டரை.
பெருக்கிப் பார்: முந்நூற்று முப்பது. ஐந்தரை மணி.

எழுதி முடித்து, நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினேன்.

எங்களுக்கும் ஓர் அரைமணி இருந்தது.
ஏழரை மணி நேரம் முன்னால் இருந்தோம்.
எண்பத்தோராம் ஆண்டின் கடைசி இரவில்
பதினொன்றரை அடித்ததும் பன்னிரண்டு என்றார்கள்.
சபாவும் சரவாக்கும் நாங்களும்
ஒரே கடிகாரத்துக்குள் வந்தோம்.
அதனால்தான் இங்கே சூரியன் உச்சிக்கு வர
மத்தியானம் ஒன்றேகால் ஆகிறது.

அந்த இரவில், பெரிய மருத்துவமனையில்,
அம்மாவின் கைக்கடிகாரத்தை யாரும் திருப்பவில்லை.
பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருந்ததாம்.
தாதி சுவரைப் பார்த்து எழுதினாள்: ஜனவரி ஒன்று.
இந்த நாட்டில் அன்று இல்லாத நிமிடத்தில் பிறந்ததாக
அம்மா இன்னமும் சண்டை பிடிக்கிறாள்,
சாதகம் கணித்தவரிடம், பதிவு அலுவலகத்திடம், என்னிடம்.

(அ) 1981 (ஆ) 1982
(இ) இரண்டும் (ஈ) இரண்டும் இல்லை
விளக்கம் மூன்று வரிக்குள் அடங்காது.

சாருக்கு மணி பத்து ஆகப்போகிறது. எனக்குப் பன்னிரண்டரை.
பத்துக்குள் அனுப்பவேண்டும், அவருடைய பத்துக்குள்.
கீழே கடைசி மோட்டார் சைக்கிள் அடங்கிவிட்டது.
அனுப்பும் பொத்தான்மேல் விரலை வைத்தவள்
மறுபடி 212க்குப் போனேன்.
(ஈ)யில் பூவை அழித்தேன்.
முள், என்று போட்டேன்.

"ரொம்பச் சுலபமாகிவிட்டதே அம்மா" என்பார்.
சொல்லட்டும்.