ஓத அட்டவணை

முப்பத்தோராண்டு நான் பார்த்ததெல்லாம் எண்கள்.
ஹார்லிங்கன் துறைமுகத்தில் கடல் ஏறும் நேரம், வடியும் நேரம்;
அச்சுக்குப் போகுமுன் தாள்தோறும் என் சிவப்புப் பேனா.
ஒரு நான்கு ஏழாகிவிட்டால்
எவனோ ஒருவனின் இறால் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும்.
ஒருமுறை உட்கார்ந்தது.
அந்தப் பக்கம் நான் பார்த்தது.

கருப்பையை எடுத்த ஒன்பதாம் நாள்
அறிக்கை வந்தது: மூன்றாம் தரம்.
நுண்ணோக்கியில் முகம் கோணிய செல்கள்,
வரிசையில் நிற்கத் தெரியாத கும்பல்.
கதிர்வீச்சு இருக்கும் என்றார்கள்.
பூனையைப் பக்கத்து வீட்டு மார்டனிடம் விடப் பேசிவைத்தேன்.

க்ரோனிங்கன் ஆஸ்பத்திரியில் டாக்டர் பௌமா மட்டும்
"கட்டியின் துண்டு மெழுகில் பத்திரமாக இருக்கிறது.
மரபணுவையும் படித்துவிடட்டும், பொறுங்கள்" என்றார்.
பதினேழு நாள். விடாத மழை.
கடைச்சீட்டைக்கூட என்னால் கூட்ட முடியவில்லை.

பிறகு ஒரு தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.
செல் தன்னைப் படியெடுக்கும்போது
பிழை பார்க்க ஓர் ஆள் உண்டாம். பெயர் போல்-ஈ.
என் கட்டியில் அந்த ஆள் பேனாவைக் கீழே போட்டுவிட்டான்.
ஆயிரமாயிரம் எழுத்துப்பிழை.
இத்தனை பிழையோடு எங்கே ஒளிவது?
உடம்பின் காவலுக்கு
எட்ட நின்றே அடையாளம் தெரிந்துவிடுகிறதாம்.
"கருப்பையைத் தாண்டவில்லை. இந்த வகை திரும்பி வருவது மிக அரிது.
கதிர் வேண்டாம், மருந்தும் வேண்டாம்.
பரிசோதனைக்கு மட்டும் வந்துகொண்டிருங்கள்."

வாய்விட்டுச் சிரித்தேன். பௌமா பயந்துபோனார்.
என் தொழிலை அவரிடம் சொன்னதே இல்லை.

வெளியே யெல்த்யே,
தீவுப் படகில் காப்பி விற்பவள்,
நனைந்த தொப்பியை மடியில் பிழிந்துகொண்டிருந்தாள்.
அவளுடையவை பார்வைக்கு அடக்கமான செல்கள்.
இரண்டாம் தரம்தான், கவலை வேண்டாம் என்றிருந்தார்களாம்.
இப்போது பி-ஐம்பத்துமூன்று கெட்டிருக்கிறது;
கதிரும் வேண்டும், மருந்தும் வேண்டும்.
"உனக்கு?" என்றாள்.

ஒரே ஆஸ்பத்திரி, ஒரே கத்தி, ஒரே மாதத் தையல்.
எனக்குச் சொல்ல நா எழவில்லை.
சொன்னேன்.
அவள் என் முழங்கையை ஒருமுறை அழுத்தினாள்,
வாழ்த்தா, பிடிமானமா, தெரியவில்லை.

பேருந்து வரும்வரை அவளுடைய தேதித்தாளை வாங்கிப் பார்த்தேன்.
ஒவ்வொரு வரியும் இரண்டு முறை, விரல் வைத்து.
நான்காவது வரியில் கிழமை தப்பு.
கைப்பையில் பேனா இருந்தது.
திருத்திக் கொடுத்துவிட்டு,
அன்றைக்குக் கார் நான் ஓட்டுகிறேன் என்றேன்.