எட்டாவது வீடு

பீடோங் கடைத்தெருவில்
பூட்டுக்கடைக்கும் லிம் சூன் ஹாக்கின் டயர்க்கடைக்கும் நடுவே
நாற்பத்திரண்டுக்கு நூற்றுப்பத்து அடி.
ஒரு காலத்தில் கள்ளுக்கடை என்கிறார்கள்.
இல்லை, ரப்பர் ஷீட்டு நிறுத்த இடம் என்கிறார் லிம்.
நிலப்பத்திரத்தில் இரண்டுமே இல்லை.
நான் பார்த்தது
இடுப்புயர லாலாங்,
பக்கத்துச் சுவரில் பாதி அழிந்த பற்பசை விளம்பரத்தின் பல்வரிசை,
பின்னால் கால்வாய்,
அதில் வாடகை தராத ஓர் உடும்பு.

மனைக்காரர் சன்னாசி வீரப்பன்
இருபத்தாறு வருடம் பிரேத வண்டி ஓட்டியவர்.
அதில் சேர்த்த காசு என்று சொல்லும்போது
குரலில் கூச்சமும் இல்லை, பெருமையும் இல்லை.
எட்டு வீடு போட்டுக் குடும்மா.

முதல் வரைபடத்தில் எட்டு இருந்தது.
நகராண்மைக் கழகத்து என்சிக் ஹஃபிசுல்
ஆட்களை எண்ணவில்லை, கார்களை எண்ணினார்.
கீழ்த்தளம் அப்படியே கார்களுக்குப் போயிற்று.
பொம்பாக்காரர்கள் ஒரு கதவு கேட்டார்கள், கொடுத்தேன்.
வெளிச்சத்துக்காக நட்டநடுவில் ஒரு கிணறு வெட்டினேன்,
தண்ணீரில்லாத கிணறு,
எட்டிப் பார்க்காதே, அண்ணாந்து பார்.
அதைச் சுற்றித்தான் சமையலறைகள்.
ஒரு வீட்டுத் தாளிப்பு
இன்னொரு வீட்டில் தும்மலாகும்.
விதிப்புத்தகம் இதைக் குறை என்கிறது.

கொடிக்கயிறு, மழை இறங்குமுன்
பன்னிரண்டு எட்டில் ஓடி எடுக்கிற தூரத்தில்.
செருப்புக்குச் சுவரில் ஒரு குழி.
சாமிமேடை மட்டும் போடவில்லை,
வரப்போகிறவர்கள் யார், அவர்கள் சாமி எது,
எனக்கென்ன தெரியும்.

சன்னாசி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
கோப்பி ஆறியது.
அறைகளை அவர் விரல் தொடவேயில்லை.
படி ஏறியது, திரும்பியது, ஏறியது,
இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்றது.
"இங்க பெட்டி திரும்பாதும்மா."

எந்தப் பெட்டி?
ஐஸ் பெட்டியா, துணிப் பெட்டியா என்று
நான் யோசிப்பதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுங்கைப் பட்டாணியில் ஒரு நாலாவது மாடி.
மூன்று தரம் பார்த்தோம், திரும்பவில்லை.
கடைசியில் நிமிர்த்தித்தான் இறக்கினோம்.
ஆயுசு முழுக்க நின்று பால் வெட்டிய மனுஷன்,
போகும்போதும் நின்றபடியே.
உள்ளே ஏதோ சரிந்த சத்தம்.
மகள்காரி படியில் உட்கார்ந்திருந்தாள்,
அவளுக்கும் கேட்டது.

அவ்வளவுதான் சொன்னார்.

நீளம் ஆறடி எட்டங்குலம்.
அகலம் இரண்டடி, தூக்குகிறவர்களின் தோள் தனி.
திருப்பத்தை அகட்டினால் ஒரு சமையலறை போகும்,
சமையலறை போனால் அந்த வீடே போகும்.
ஏழுதான் வரும், அண்ணே.
மாசாமாசம் எண்ணூறு வெள்ளி நட்டம்.
"கணக்கு எனக்கும் தெரியும்."

இவ்வளவு அகலம் எதற்கு என்று வங்கியில் கேட்டார்கள்.
சோபா ஏற்ற, என்று எழுதிக் கொடுத்தேன்.

நேற்றுச் சாயங்காலம் லாலாங்கை வெட்டிய தரையில்
சுண்ணாம்புத் தூளால் படியின் திருப்பத்தைப் போட்டேன்,
சுவருக்குச் சுவர், அளவுக்கு அளவு.
லிம் ஒரு பலகை கொண்டுவந்தார்.
தலைப்பக்கம் லிம்,
கால்பக்கம் சன்னாசி,
பக்கவாட்டில் டயர்க்கடைப் பையன் ரூபேல்.
முதலில் சிரித்தான்,
தூக்கிய பிறகு சிரிக்கவில்லை.
பலகை நடுவில் லிம்முடைய கோப்பி கிளாஸ்.

மெல்ல.
இன்னும் மெல்ல.
ரூபேலின் குதிகால் கோட்டை மிதித்தது,
இல்லாத சுவரில் பலகை இடித்தது,
கோப்பி வழிந்தது.

கோட்டைக் காலால் அழித்து
செருப்புக் குழியிடம் ஒன்பது அங்குலம் கடன் வாங்கி
மறுபடி போட்டேன்.
மறுபடி தூக்கினார்கள்.

திரும்பியது.

லிம் மிச்சக் கோப்பியைக் குடித்துவிட்டுக்
கடையடைக்கப் போனார்.
மழை வரும்போலிருந்தது, அளவைக் கையில் எழுதிக்கொண்டேன்.
கால்வாயிலிருந்து உடும்பு ஏறி வந்தது,
எங்களைச் சட்டை செய்யாமல்
எட்டாவது வீட்டுச் சமையலறை வழியே
குறுக்காக நடந்து போனது.